முதல் கூண்டில் ஒருவர்

ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் முதல் கூண்டுக்கான வரிசையில் எம்ரிஸ் ப்ரோபர்ட் ஏழாவது ஆள். வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். பதினெட்டு வருஷமாக லண்டன் வரை போய் மேசையைத் தட்டிப் பேசிய வாய் அது. இன்று காலை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

போன வாரம் கீழே வாயு வெடித்து மூன்று பேர் போய்ச் சேர்ந்தார்கள். இப்போது சுத்தம் என்று அதிகாரி சொன்னார். சங்கத்துப் பரிசோதகரும் அதையே சொன்னார். ஆட்கள் அசையவில்லை. "நீங்க முதல் கூண்டுல ஏறுங்கண்ணே. அப்பறம் நாங்க வர்றோமா இல்லையான்னு பாருங்க," என்றான் அவர்களில் ஒருவனான இட்வல். நானூறு பேர் முன்னால் சரியென்று தலையாட்டித் தொலைத்துவிட்டார்.

இருபத்தாறு வயதில் சுரங்கத்தில் கூரை சரிந்து, விடிய விடிய அவர் மண்ணுக்குள் கிடந்தது ஊருக்கே தெரியும். இனி கீழே போகவே கூடாது என்றுதான் சங்கத் தேர்தலில் நின்றார் என்பது யாருக்கும் தெரியாது. கொள்கையெல்லாம் பிறகு வந்தது. உண்மையாகத்தான் வந்தது. ஆனால் முதலில் வந்தது பயம்.

அந்தப் பயம் இப்போது போகாதே என்றது. கீழே வாயு இருப்பதால் சொல்கிறதா, வழக்கம்போலச் சொல்கிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது? இவர் பின்வாங்கினால் ஒருத்தரும் இறங்க மாட்டார்கள். சுரங்கத்தை இழுத்து மூடத் துடிப்பவர்களுக்கு, வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிடும்.

கூண்டு வாசலில் காவலாள் கோமர் ஒவ்வொருவர் பையையும் தடவிப் பார்த்தான். நெருப்புப் பொருள் அகப்பட்டால் அந்த ஆள் அங்கிருந்தே வீட்டுக்குத்தான். இட்வலை ஏற்றிவிட்டு, எம்ரிஸின் கோட்டுப் பையில் விரலை விட்டவன் அப்படியே நின்றான்.

தீப்பெட்டி.

எம்ரிஸுக்கு முதுகெல்லாம் வேர்த்தது. கூடவே, சீ, என்ன மனசு இது, ஒரு நிம்மதியும் வந்தது. மறந்துபோய் வைத்ததா, தெரிந்தே வைத்ததா? சத்தியமாக அவருக்கே தெரியவில்லை.

கூரை சரிந்த அன்று மண்ணைத் தோண்டி அவரை வெளியே இழுத்தவன் கோமர். குரலைத் தாழ்த்தினான்.

"இதத் தூக்கிக் காட்டுனா இப்பவே வீட்டுக்குப் போயிரலாம். காட்டவாய்யா?"

எம்ரிஸ் திரும்பிப் பார்த்தார். மழையில் நனைந்தபடி அத்தனை முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"வேணாம்."

கோமர் கையை மூடிக்கொண்டான். "சுத்தம்! ஏறுங்க!" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினான்.

கம்பிக் கதவு விழுந்தது. இறக்கச் சொல்லி மணி மூன்று முறை அடித்தது. காலடியில் தரை நழுவியது. யாருடைய கையோ இட்வலின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நடுங்குவது விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. பாவம், யாரோ என்று நினைத்தார் எம்ரிஸ். இட்வல் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தான். அந்தச் சூடு எம்ரிஸின் விரல்களில் பட்டது.