கொடியேறிய பிறகு அறுத்த ஓரா

நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் சண்டிலிப்பாய் உதயகலா வீட்டில் பூனைக்குக்கூட மீன் கிடையாது. மீன் சட்டி வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் போய்க் கவிழ்ந்துவிடும். அந்த வீட்டுப் பெட்டை சாருஜா, போயும் போயும் திருவிழாக் காலத்திலா மீன் அறுக்க வேண்டும்?

அறுத்தாள். உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளில் சிலரைப் பொறுக்கி, பல்கலைக்கழகத்துக்காரர் கடலேரியில் ஒரு வாரம் ஆய்வு செய்ய அழைத்திருந்தார்கள். சாருஜா அதற்காகத் தவம் கிடந்தவள். தாயிடம் "தண்ணி பரிசோதிக்கிறம்" என்று மட்டும் சொல்லியிருந்தாள். முதல் நாள் அது உண்மைதான். அரியாலைக் கரையில் முழங்கால் தண்ணீரில் நின்று உப்பளவு பார்த்தார்கள். அடுத்த நாள் மேசையில் ஓரா மீன்கள் கிடந்தன.

"வயித்தைத் திறவுங்கோ. என்ன சாப்பிட்டிருக்கு எண்டு பாப்பம்" என்றார் விரிவுரையாளர் நிருஷன்.

சாருஜா ஓரடி பின்வாங்கினாள். பக்கத்தில் நின்ற, மீனவர் ஊரான குருநகர் ஜெசிதா கத்தியை நீட்டினாள்.

"செட்டை முள்ளு கவனம். குத்திச்சுதோ, கடுத்துக் கொல்லும்."

முதல் மீனோடு பயம் போன இடம் தெரியவில்லை. மூன்றாவது மீனில் சாப்பாட்டு நேரத்தையே மறந்துபோனாள். இப்படியொரு சந்தோஷத்தை எந்தப் பாடப் புத்தகமும் அவளுக்குத் தந்ததில்லை.

ஆனால் மணம் இருக்கிறதே, அது எந்தச் சவர்க்காரத்துக்கும் மசியாது. அவள் வாசல் படலையைத் திறக்க முன்னமே உதயகலா மூக்கைச் சுளித்தாள்.

"என்னடி மணக்குது?"

பொய் சொல்ல சாருஜாவுக்கு வாய் வரவில்லை. "மீன் அறுத்தனான், அம்மா."

"விரத வீட்டிலை நிண்டு சொல்லுற கதையே இது? நாளைக்கு நீ போகத் தேவையில்லை."

சாருஜாவுக்கு அழுகை முட்டியது. தான் தொடங்கிய வேலையை வேறு யாரோ முடிக்கப்போகிறார்கள்.

தோட்டத்தால் வந்து கால் கழுவிக்கொண்டு நின்ற தகப்பன் தம்பிராசா மெதுவாகக் கேட்டார். "காலமை நான் கத்தரிப் புழுவுக்கு மருந்தடிச்சனான். என்ரை விரதமும் முறிஞ்சு போச்சோ?"

"நீங்கள் சும்மா இருங்கோ" என்று அவரை அடக்கிவிட்டு, உதயகலா மகள் பக்கம் திரும்பினாள். "அறுத்து என்னத்தைக் கண்டனீங்கள்?"

சாருஜா, அறுத்த வயிற்றைப் படமெடுத்திருந்த போனை நீட்டினாள். உதயகலா முதலில் முகத்தைத் திருப்பினாள். பிறகு கடைக்கண்ணால் பார்த்தாள். பிறகு வாங்கியே பார்த்தாள்.

"உந்தப் பச்சை என்ன?"

"கடற்புல்லும் பாசியும். நாங்கள் அறுத்த எல்லாத்திலையும் உதுதான் இருந்தது. வேறை ஒண்டுமில்லை."

"புழு, பூச்சி?"

"இல்லை அம்மா."

உதயகலா படத்தை இன்னொருமுறை உற்றுப் பார்த்தாள். நாங்கள் கொடி ஏறினால்தான் சைவம். இது கடலுக்குள்ளே கிடந்து வருஷம் முழுக்கச் சைவமாக இருந்திருக்கிறதே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"பின்னாலை போய்க் கிணத்தடியிலை முழுகிப்போட்டு உள்ளை வா" என்றாள். "நாளைக்கும் அப்பிடித்தான் வரவேணும்."

சாருஜா கிணற்றடிக்கு ஓடினாள். பின்னாலேயே தாயின் குரல் வந்தது.

"நாளைக்கு என்ன மீன் எண்டாலும், அது என்ன சாப்பிட்டது எண்டு எனக்கு வந்து சொல்லு."