நகர்த்திய கோடு

ஆஸ்பத்திரி வேனிலிருந்து தவசியை இறக்கும்போது, கால்மாட்டில் கைகொடுக்க வந்த பால்சாமியை முத்தழகு தள்ளிவிட்டாள்.

“எங்கன போயிருந்த? நேத்து மத்தியானம் ஒங்கண்ணன் செத்தது இப்பத்தான் தெரிஞ்சுச்சா?”

“ஆபீஸ்ல விடல மதினி” என்றான் கொழுந்தன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் புருசன் தவசிக்கு நகராட்சியில் கான்ட்ராக்ட் வேலை. குடிதண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டியபோது கடப்பாரை மின்கேபிளில் இறங்கிவிட்டது. தம்பி பால்சாமிக்கு அதே நகராட்சியில் கம்ப்யூட்டர் வேலை. ஊரின் குழாய், சாக்கடை, கேபிள் எல்லாவற்றையும் தெருத் தெருவாக அளந்து, ஒவ்வொன்றையும் ஒரு நிறக் கோடாகப் படத்தில் ஏற்றுகிறவன் அவன்தான். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் எங்கே தோண்டுவது என்று முடிவு செய்வார்கள்.

மாமியார் இருளம்மாள் மகனின் கருகிய கையை மடியில் வைத்துக்கொண்டு அழாமல் உட்கார்ந்திருந்தாள். சாயல்குடிப் பக்கமிருந்து வந்த உறவுப் பெண்கள்தான் அழுதார்கள்.

எஞ்சினியர் வந்து மாலை போட்டார். வாசலில் நின்ற போலீஸ்காரரிடம், எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

“நல்ல வேலைக்காரன். ஆனா நாம காட்டுன எடம் கெழக்கோரம். இவன் கேபிள் போற மேக்கோரத்துல போய்த் தோண்டியிருக்கான்.”

“பொய்யி!” கூட வேலை பார்த்த பாக்கர் முன்னால் வந்தான். “மேக்கோரத்துல சுண்ணாம்புக் கோடு போட்டுத் தோண்டச் சொன்னதே நீங்கதான சார்?”

“என்னைய ஏன் கேக்குற? கம்ப்யூட்டர்ல இருக்கு. பால்சாமி, சொல்லுப்பா.”

எல்லோரும் திரும்பினார்கள். பந்தல் கம்பைப் பிடித்தபடி பால்சாமி, “கெழக்கோரந்தான்” என்றான்.

முத்தழகு எழுந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை இதே வீட்டில் நண்டுக்குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே அவன் அந்தப் படத்தைச் செல்போனில் காட்டினான். பரிமாறியவள் அவள். புதுக் குழாயின் நீலக் கோடும் கேபிளின் சிவப்புக் கோடும் மேற்கோரத்தில் ஒட்டி ஒட்டிப் போயின. “பாத்துத் தோண்டுண்ணே, நான் சொன்னா எஞ்சினியர் கேக்க மாட்டேங்கிறாரு” என்றவனும் அவன்தான்.

“மேக்கோரம்னு நீதான சொன்ன?”

பால்சாமி எஞ்சினியரைப் பார்த்தான்.

“நீலக் கோட்டக் கெழக்க எப்ப நகத்துன?”

“மதினி, மெதுவா…”

“எப்படா நகத்துன?”

“நேத்துச் சாயங்காலம்.” குரலைத் தணித்துக்கொண்டான். “மாத்தலன்னா, படமே தப்புன்னு என்னையப் போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துருவேன்னாரு எஞ்சினியரு. எனக்கும் புள்ளக இருக்கு.”

“இங்கன கெடக்குறவனுக்கு இல்லியா?”

அவள் போலீஸ்காரர் பக்கம் திரும்பினாள். “கேட்டீகளா? இவன் சொன்னத எழுதிக்கங்க.”

“மொதல்ல ஆக வேண்டியதப் பாருங்கம்மா” என்றவர், எஞ்சினியரின் ஜீப்புக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

பாடையைத் தூக்கக் குனிந்தார்கள். முன்கம்பில் பால்சாமி கை வைத்தான்.

“நீ தூக்காத” என்றாள் முத்தழகு.

“கூடப்பெறந்தவன் தாயி, அவன் தூக்காம…” என்று இழுத்தார் பெரியவர் ஒருவர்.

இருளம்மாள் அப்போதுதான் வாய் திறந்தாள். “ஏய்யா பாக்கரு, நீ வா.”

பாக்கர் தோள் கொடுத்தான். பால்சாமி கையை எடுத்துக்கொண்டான்.

பெண்கள் தெருமுக்கோடு நின்றுவிட்டார்கள். கொட்டுச் சத்தம் தள்ளிப் போனது. பால்சாமி கடைசி ஆளாகப் போய்க்கொண்டிருந்தான். பாடைக்கு முன்னால் இறைத்த பூ தார்ரோடெங்கும் கிடந்தது. அதில் கால் படாமல் அவன் ஒதுங்கி ஒதுங்கி நடந்தான். திருப்பம் வரைக்கும் முத்தழகு பார்த்துக்கொண்டே நின்றாள்.