பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை

குளியலறைக் கதவைச் சாத்தி அரைமணி நேரமாகியும் அந்த அம்மா வெளியே வரவில்லை. வரதராசா இரண்டு தரம் கதவடிவரை போய், தட்டுவதா விடுவதா என்று யோசித்துத் திரும்பி வந்தான். வந்திறங்கிய முதல் நாளே மயக்கம் கியக்கம் வந்து விழுந்துவிட்டாரோ? கடைசியில் கதவு திறந்தது. பரமேஸ்வரி மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு வந்தார்.

“பதினாலு விதியையும் வாசிச்சுப் போட்டன் தம்பி. பதினோராவதிலை மட்டும் ஒரு சந்தேகம். மத்தியானம் பன்னிரண்டிலையிருந்து ஒண்டரை மட்டும் சத்தம் கூடாதெண்டு போட்டிருக்கு. ஞாயிற்றுக்கிழமையும் சேத்தோ?”

“ஓம் அம்மா. ஞாயிறெண்டால் இன்னும் கவனம்.”

அவனுக்கு அந்த இடத்திலேயே அவர் காலில் விழுந்து கும்பிட வேண்டும் போலிருந்தது. எம்மன்புரூக்கே என்ற அந்த ஆலை ஊரில், மூன்றாம் மாடி வீட்டில் ஒன்றரை வருடத்தில் இருபது, இருபத்தைந்து பேர் வந்து தங்கிப் போய்விட்டார்கள். அகதி முகாமிலிருந்து வெளியே வந்து, சொந்தமாக ஓர் அறை கிடைக்கும்வரை ஒரு கிழமையோ இரண்டு கிழமையோ தங்குகிறவர்கள். கிழமைக்கு ஏதோ கொடுப்பார்கள். நூல் ஆலைச் சம்பளத்தோடு அதையும் சேர்த்தால்தான் வாடகை தாங்கும். வந்தவர்களில் ஒருவனாவது அந்த விதித் தாளை வாசித்திருப்பானா? வாயைத் திறந்தால் மட்டும், “வாசிச்சனான் அண்ணை, எல்லாம் வாசிச்சனான்.”

கீழே தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஜெர்மன் மொழியில் தொங்கிய வீட்டு விதிகளை, அகராதியும் கையுமாக மூன்று ஞாயிற்றுக்கிழமை இருந்து தமிழில் எழுதியவன் அவன். பொடியங்கள் பயப்படட்டும் என்று அங்கங்கே தன் கைச்சரக்கையும் கொஞ்சம் சேர்த்து, சிவப்புப் பேனையால் கோடும் அடித்தான். முதலில் குசினியில் ஒட்டினான். எண்ணெய் தெறித்ததுதான் மிச்சம். பிறகு வாசற்கதவில் ஒட்டினான். அதன் ஓரத்தில் யாரோ சீட்டில் முந்நூற்றுநாலு விளையாடிக் கணக்குப் போட்டிருந்தார்கள். கோயில் திருவிழா நோட்டீசில் அச்சகத்தின் பெயர்வரை வாசிக்கிற சனம், இருக்கிற வீட்டின் விதியை வாசிக்கமாட்டேன் என்றால் என்ன செய்வது? கடைசியாகக் குளியலறைக் கதவின் உட்புறம் ஒட்டினான். அங்கே இருக்கும்போதாவது கண்ணில் படாமலா போகும்? படவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

விளைவு, வீட்டு நிர்வாகத்திடமிருந்து இரண்டு பதிவுத் தபால். முதலாவது, ஞாயிறு காலையில் ஒரு மகராசன் நீலச் சாரத்தைத் தோய்த்து, சொட்டச் சொட்டப் பல்கனியில் காயப்போட்டதற்கு. இரண்டாவது, இன்னொருவன் மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சம்பலுக்கென்று சட்டியில் செத்தல்மிளகாயைப் போட்டு, போத்தல் அடியால் இடித்ததற்கு. கீழ்வீட்டு ஹூபர் அம்மாள் கெட்ட மனுசியல்ல. படியில் கண்டால் முதலில் வணக்கம் சொல்லுகிறவள் அவள்தான். ஆனால் தலைக்கு மேலே விளக்கு ஆடினால் அவள்தான் என்ன செய்வாள்? இனி ஒரு முறைப்பாடு வந்தால் வீட்டு ஒப்பந்தம் முடிவுக்கு வரும் என்று இரண்டாவது கடிதத்தில் எழுதியிருந்தது.

ஒப்பந்தம் போனால் வீடு மட்டும் போகாது. மனைவி சிவமலரும், அவன் புறப்பட்ட பிறகு பிறந்து இப்போது நாலு வயதாகிவிட்ட மகள் யசோதராவும் வருவதற்கு அனுமதி அரைவாசி கிடைத்திருந்தது. குடும்பம் இருக்கத் தகுந்த வீடு உண்டென்று ஒக்டோபர் முடிவுக்குள் ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். அதற்கு இன்னும் பன்னிரண்டு நாள். இந்த நாட்டில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. தமிழனுக்கென்றால் அந்தக் குதிரையே கிடைக்காது. மகளின் முகத்தை அவன் படத்தில்தான் பார்த்திருக்கிறான். அதிலும் பிள்ளை வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

அதனால் இனி ஒருவரையும் தங்கவிடுவதில்லை என்று முடிவெடுத்திருந்த நேரத்தில்தான் லா ஷோ-து-ஃபோன் நகரிலிருந்து தெரிந்த பொடியன் தயாபரன் தொலைபேசி எடுத்தான். “அண்ணை, அம்மா வந்திட்டா. நான் இருக்கிறது ஆம்பிளையளின்ரை விடுதி. அறை எடுக்குமட்டும் பத்து நாள்...” இல்லை என்று சொல்ல வரதராசாவுக்கு வாய் வரவில்லை. வந்தவர், ஊரில் உபதபால் கந்தோரில் இருபத்தெட்டு வருடம் இருந்தவர். எழுதி ஒட்டியிருந்தால் அது சட்டம். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தக் கிழமை வீட்டில் ஆள் இருப்பதே தெரியவில்லை. காலுறையோடு நடந்தார். வெற்றுப் போத்தலைச் சனி பின்னேரம் கண்டெடுத்து, ஞாயிறு தொட்டியில் போட்டால் சத்தம் கேட்கும் என்று திங்கட்கிழமைவரை கதவுக்குப் பின்னால் வைத்திருந்தார். சாமிப் படத்துக்கு முன்னால் மணியைத் தூக்கி, அதன் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு ஆட்டினார். வரதராசா சிரித்தான். “மணியடிக்கலாம் அம்மா. அதுக்கொண்டும் சொல்லாயினம்.” அவர் தலையாட்டினார்; மறுநாளும் நாக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஆட்டினார். இளைய மகன் நித்தியானந்தனைப் பற்றிக் கதைக்கும்போதுகூடக் குரல் உயரவில்லை. “அவன்தான் அங்கை தனிச்சுப் போனான். கொழும்புக்கு வந்திட்டானெண்டால் பிறகு பயமில்லை.” அன்றிரவு வரதராசா சிவமலருக்கு எழுதினான்: கடைசியில் ஓர் ஆள் வாசித்துவிட்டார், இனிப் பயமில்லை, பிள்ளைக்கு ஒரு குளிர்ச்சட்டை தை.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டுக்குத் தொலைபேசி அடித்தது. முதல் மணியிலேயே பாய்ந்து எடுத்தான். தயாபரன்.

“அண்ணை... என்ரை தம்பி போயிட்டான். வெள்ளிக்கிழமை செல் குண்டு விழுந்ததாம். இப்பதான் கொழும்பிலையிருந்து சொன்னவை. என்னாலை அம்மாவோடை கதைக்கேலாது அண்ணை. நீங்கள் சொல்லுங்கோ. நான் அடுத்த ரெயினிலை வாறன்.”

குசினியில் பரமேஸ்வரி கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். எப்படிச் சொன்னோம் என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்தும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. சொன்னான். கத்தி மேசையில் படுத்தது. அவருடைய வாய் திறந்தது, மூச்சு உள்ளே போனது, நெஞ்சு நிமிர்ந்தது, இரண்டு கைகளும் தலைக்கு மேலே எழும்பின. எழும்பிய கைகள் அப்படியே நிற்க, கண் மட்டும் சுவர் மணிக்கூட்டுக்குப் போனது.

“தம்பி,” என்றார். “இப்ப பன்னிரண்டு பத்து. ஒண்டரை மட்டும் அழப்படாதெல்லே?”

அழுங்கோ அம்மா, வீடு இடியக் கத்துங்கோ என்று சொல்லியிருக்க வேண்டும். மனிதனென்றால் அதைத்தான் சொல்லியிருப்பான். வரதராசாவுக்கும் அதுதான் நெஞ்சில் வந்தது. கூடவே படத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்ற பிள்ளையும் வந்தது.

“ஓம் அம்மா,” என்றான்.

பரமேஸ்வரி கையை இறக்கி, சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு கதிரையில் இருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. கதிரைக்கால் தரையில் தட்டியது. அதை உணர்ந்து, மேசைவிளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கீழ்வீட்டில் இறைச்சி வறுபடும் மணம் வந்தது, கரண்டியும் முள்ளும் தட்டில் படும் சத்தம் வந்தது. வரதராசா நிலத்தில் குந்தினான். பதினோராம் விதி அவன் மண்டைக்குள் ஓடியது. ஜெர்மன் தாளில் இருந்தது பாட்டுப் போடுவதும் ஆணி அடிப்பதும் மட்டுந்தான். ‘பெலத்துக் கதைக்க, சிரிக்க, அழக் கூடாது’ என்பது அவனுடைய கைச்சரக்கு. போன மாரியில் இரவீந்திரன் என்றொரு பொடியன் தாயின் கடிதத்தைப் பார்த்து விம்மி விம்மி அழுதான். மறுநாள் ஹூபர் அம்மாள் படியில் நிறுத்தி, வீட்டில் யாருக்காவது சுகமில்லையோ என்று கேட்டாள். அக்கறையாகத்தான் கேட்டாள். அன்று பின்னேரமே வரதராசா பேனையை எடுத்து ‘அழ’ என்ற சொல்லைச் சேர்த்துவிட்டான்.

இதை இப்போது எந்த வாயால் சொல்வது? பாவி, இருந்த இடத்திலேயே இருந்தான். பன்னிரண்டே முக்கால். ஒன்று. ஒன்றேகால். தோள்கள் குலுங்குவது நின்றுவிட்டது.

ஒன்றரைக்குக் கீழே வானொலியில் பாட்டுத் தொடங்கியது.

“அம்மா, ஒண்டரை ஆச்சுது. இனி அழலாம். அழுங்கோம்மா.”

அவர் வாயிலிருந்து சேலையை எடுத்தார். ஈரமான அந்தத் தலைப்பை மடியில் வைத்து நீவிவிட்டார். வாயைத் திறந்தார். மூடினார். திரும்பத் திறந்தார்.

“வரேல்லைத் தம்பி.”

வரதராசா எழும்பிக் குளியலறைக்கு ஓடினான். தாளில் கையை வைத்து ஒரு மூலையைப் பிய்த்தும்விட்டான். பின்னால் வந்து நின்ற பரமேஸ்வரி அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

“கிழிக்காதையுங்கோ. உங்கடை பிள்ளை வரவேணும்.”

“அந்தச் சொல் அதிலை இல்லையம்மா. நான்தான் எழுதினனான். நான்தான்.”

அவருக்கு அது விளங்கியதோ இல்லையோ தெரியாது. பிய்ந்த மூலையைப் பெருவிரலால் அழுத்தி ஒட்டினார். “துடக்கெல்லே, தலைக்குத் தோய வேணும்,” என்றார். “ஞாயிறு உடுப்புத் தோய்க்கேலாது. எங்கடை தோய்க்கிற முறை எப்ப?”

“வியாழக்கிழமை.”

“அப்ப சீலை வியாழன் மட்டும் வாளிக்குள்ளை கிடக்கட்டும்.”

கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார். உள்ளே குழாய் திறபட்டது. வரதராசா கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றான். சுவருக்குள் குழாய்கள் கடகடத்தன. கீழே வானொலியை யாரோ நிறுத்தினார்கள், ஹூபர் அம்மாளின் கதவு திறந்தது, படிகளில் மெதுவாகக் காலடிகள் ஏறி வந்தன. உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அதற்கு மேலே அழுகைச் சத்தம் ஒன்றும் இல்லை. அவன் காதை இன்னும் இறுக்கி வைத்தான்.