பதினெட்டுப் பை மண்

"இங்க காஞ்சுக்கிட்டு இருந்த மண்ணு எங்க அத்தை?"

வேலையிலிருந்து வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. பின்னறைத் தரை பளபளவென்று கழுவிவிட்டிருந்தது. காலையில் அங்கே பதினெட்டுத் தாள்களில், எந்தக் குழி, எத்தனை அடி ஆழம் என்று எழுதிய சீட்டுகளோடு மண் பரப்பியிருந்தாள்.

"இது வீடா, செங்கல் சூளையா? எல்லாத்தையும் வாரிப் பூந்தொட்டியில கொட்டிட்டேன். உன் புருஷனும் எடுத்துடுங்கன்னுதான் சொன்னான். மண்ணு மண்ணுதானேம்மா," என்றாள் மாமியார்.

"என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே அத்தை!" அவள் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மண் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். வேலையில் இருப்பவர்களுக்கென்று வார இறுதியில் நடத்தும் மண்ணியல் முதுகலைப் படிப்பில் சேர்ந்து நாலு வருடம். பிள்ளைப்பேற்றுக்கு ஒருமுறை, மாமனாரின் அறுவை சிகிச்சைக்கு ஒருமுறை என்று தள்ளித் தள்ளிப்போய், கெடு வருகிற திங்கட்கிழமையோடு முடிகிறது. மண் போன அன்று செவ்வாய். அறிக்கை தயார்தான். ஆனால் அந்தக் குழிகளின் மண்ணையும் காயவைத்துக் கூடவே ஒப்படைக்காமல் அறிக்கையை வாங்கமாட்டார்கள். பதிவே ரத்தாகிவிடும்.

"புருஷன் ஒரு பட்டத்தோட நிக்கிறப்ப பொண்டாட்டிக்கு ரெண்டு எதுக்கு? ஒரு படி கீழ இருந்தாத்தான் குடும்பம் குடும்பமா இருக்கும்."

மாமியார் கோபத்தில் சொல்லவில்லை. சோற்றுக்கு உப்பு வேண்டும் என்பதுபோலச் சொன்னாள். அவளுக்கு அப்படித்தான் சொல்லி வளர்த்திருந்தார்கள், பாவம்.

கணவன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவள் வேலை பார்க்கும் கூடத்துக்கு அவன்தான் மேற்பார்வையாளர்.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. எந்த மண்ணை எடுத்தாலும் பாதியைப் பையில் கட்டி மறுசோதனைக்கென்று வைத்துவிடுவது அந்தத் தொழிலில் வழக்கம். அந்தப் பாதி கூடத்து அலமாரியில் இருந்தது. சாவி அவனிடம்.

"திறங்க சார்," என்றாள் மறுநாள் காலை. அங்கே புருஷனும் சார்தான்.

திறந்தான். அவளுடைய தட்டு மட்டும் துடைத்து வைத்ததுபோலக் கிடந்தது.

"இடம் பத்தலைன்னு போன வாரமே கழிச்சுட்டேன்."

மண்ணு மண்ணுதானே என்றவள் படிக்காதவள். இவன் மண்ணைப் படித்தவன்.

"சரி, மறுபடி தோண்டுறேன். இன்னிக்கு வெட்டினா திங்கட்கிழமைக்குள்ள காஞ்சிடும். ரெண்டு நாள் லீவு மட்டும் குடுங்க."

"ஆளு இல்ல. கையெழுத்துப் போடமாட்டேன்."

"ஏங்க, நான் உங்களுக்கு என்ன குறை வெச்சேன்?"

"அடுத்த வருஷம் என் நாற்காலிக்கு முதுகலை கேக்கப் போறாங்க. பொண்டாட்டி முன்னாடி நான் கைகட்டி நிக்கணுமா? ஊரே சிரிக்கும்."

கழிவுப் பதிவேடு மேசைமேல் இருந்தது. புரட்டினாள். பதினெட்டு வரிகள், அவன் கையெழுத்து. காரணம் என்ற கட்டத்தில் பதினெட்டு முறையும் 'உரியவர் இல்லை' என்று எழுதியிருந்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதாள். அழுதுகொண்டே பேனாவை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே 'உரியவள் நான். இங்கேதான் இருக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். மூலையிலிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

"லீவு இல்லாம போனா வேலை போயிடும்!"

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். அவன் முகம் தெளிந்தது.

அவள் பதினெட்டுக் காலிப் பைகளை எண்ணி எடுத்துக்கொண்டு போனாள்.