டிரைவருக்கு ஒரு பகல் தூக்கம்

நாலு நாளாக இடி, சொல்லி வைத்தாற்போல, மதியம் ஒரு மணிக்குத்தான் வந்தது. இரவெல்லாம் பஸ் ஓட்டிவிட்டுக் காலை பத்து மணிக்கு வீடு திரும்பி, குளித்து, சாப்பிட்டு, பதினொரு மணிக்குத் தலையைச் சாய்க்கிற டிரைவருக்கு அப்போதுதான் கண் நன்றாக அசந்திருக்கும். முதல் இடியிலேயே எழுந்து உட்கார்ந்துவிடுவார். பக்கத்து மாடியில் தண்ணீர்த் தொட்டியை மூடியிருந்த தகரம் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு மழை தன் வழியே போய்விடும். உண்மையான தொல்லை அதற்குப் பிறகுதான். சூடேறிக் கிடந்த தளத்தில் விழுந்த தண்ணீர் ஆவியாக எழும்ப, மொட்டைமாடிக்கு நேர் கீழே இருந்த அந்த ஒற்றை அறை மூடி போட்ட பானை மாதிரி ஆகிவிடும்.

அவர் சுவர்ப்பக்கம் புரள்வார். இந்தப் பக்கம் புரள்வார். தலையணையைத் திருப்பிப் போடுவார், தரைக்கு இறங்குவார், மறுபடி கட்டிலுக்கு ஏறுவார். அவருடைய மனைவி சமையலறையில் கரண்டியைக்கூடப் பூ மாதிரி எடுத்து வைப்பாள். பத்து வயது மகள் வாசற்படியில் உட்கார்ந்து, யார் மாடி ஏறினாலும் உதட்டில் விரலை வைத்துக் காட்டுவாள். இத்தனை காவலுக்கும் சேர்த்து அவர் இரண்டு மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம்.

வியாழக்கிழமை மாலை செய்தியில் சொன்னார்கள். மழை இன்றோடு சரி. சனிக்கிழமையிலிருந்து ஒரு வாரத்துக்கு இதுவரை காணாத வெயில். பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை யாரும் வெளியே வரவேண்டாம்.

“வெளியே வராதேன்னு சொல்றாங்க. உள்ளே எப்படி இருக்கிறதுன்னு சொன்னாங்களா?” என்றார் டிரைவர், காக்கிச் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே. கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

அவள் மெதுவாக ஆரம்பித்தாள். “அக்கா வீட்டுக் கடைக்குப் பின்னாடி ஒரு ரூம் இருக்குங்க. கீழ்த்தளம். வெயில் எட்டிக்கூடப் பாக்காது. அக்கா வரச் சொல்றா.”

“உங்க அக்கா சொல்லுவாங்க. அத்தான் சொன்னாரா?”

“அவரு என்ன வேணாம்னா சொல்லப்போறாரு?”

“அந்த மனுஷன் வாசப்படிய நான் மிதிக்கிறதா இல்ல. பேச்ச விடு.”

அக்கா புருஷன் புத்தகம் கட்டுகிற பைண்டர். சகலைகள் இருவரும் ஒரு காலத்தில் ஒருத்தரை விட்டு ஒருத்தர் பிரியாமல் இருந்தவர்கள்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு விசேஷ வீட்டில், பத்துப் பேர் நடுவில், பைண்டர் வேடிக்கையாக, “எங்க சகலைக்கு என்ன குறைச்சல்? பகல் பூரா தூக்கம், ராத்திரி பூரா ஊர் சுத்தல்” என்று சொல்லிவைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவர்தான். அதன்பின் அக்காவும் தங்கையும் மட்டும் ஆண்களுக்குத் தெரியாமல் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். தெரியாமல் என்று அவர்கள் இருவரும்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை திரும்பி வந்த டிரைவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவள் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“ஆத்துப் பாலம் இருக்குல்ல...” என்றார். “அது இன்னிக்கு எனக்குத் தெரியாமலே போயிடுச்சு.”

“என்னங்க சொல்றீங்க?”

“கண்ணு தெறந்துதான் இருந்துச்சு. கை ஸ்டியரிங்லதான் இருந்துச்சு. ஸ்டாப்பைத் தாண்டிப் போறேன்னு பின்னாடி ஒரு அம்மா கத்தினாங்க. அப்பத்தான் முழிச்ச மாதிரி இருந்துச்சு. கண்ணாடியில பாக்கறேன், பாலம் பின்னாடி கெடக்கு. எப்ப ஏறினேன், எப்ப எறங்கினேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல. உள்ளே முப்பத்தெட்டுப் பேரு.”

அவருக்காகக் கொண்டுவந்த தண்ணீரை அவளே மடமடவென்று குடித்துவிட்டாள். குடித்து முடித்த பிறகுதான் அது தெரிந்தது.

அவர் உள்ளே போய்த் தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். “நட” என்றார்.

பைண்டிங் கடையில் கட்டிங் மிஷின் தடதடத்துக்கொண்டிருந்தது. பள்ளி திறக்கப்போகிறது, நோட்டுப் புத்தகங்கள் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. பசை நாற்றம். வாசலில் தலையணையோடு நின்ற சகலையைப் பார்த்ததும் பைண்டர் மிஷினை நிறுத்தினார். டிரைவர் தலையணையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். அக்காதான் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“ஏன்டீ வெயில்ல நிக்க வச்சிருக்க? உள்ளே வாங்க, வாங்க.”

“ஒரு அஞ்சு மணி நேரம் படுத்துக்கறேன், சகல. தொந்தரவுதான்” என்றார் டிரைவர், தரையைப் பார்த்து.

“தொந்தரவு என்ன... போங்க, போய்ப் படுங்க.”

பின்னறையில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே பாய் விரித்தாள் அக்கா. தடித்த சுவர், ஜன்னல் ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்துப் பக்கம் பார்த்திருந்தது. வெளியே தார் உருகி மினுமினுத்தபோது உள்ளே தரை ஜில்லென்று இருந்தது.

பைண்டர் அதன்பின் மிஷினைத் தொடவில்லை. சத்தம் வராத வேலையாகப் பார்த்து, அட்டைக்குப் பசை தடவ உட்கார்ந்தார். அக்கா நுனிக்காலில் நடந்தாள். அம்மாவோடு வந்திருந்த மகள் தும்மலை அடக்கி அடக்கி மூக்கு சிவந்துபோனாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. உள்ளே பாய் சரசரக்கும் சத்தம் மட்டும் ஓயவில்லை. புரளுகிறார், எழுகிறார், படுக்கிறார். டிரைவரின் மனைவி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கேயும் தூக்கம் வராவிட்டால் வேறு எங்கே கூட்டிக்கொண்டு போவது?

கதவு திறந்தது. டிரைவர் தலை கலைந்து நின்றார்.

“சகல, கோவிச்சுக்காதீங்க. அந்த மிஷினக் கொஞ்சம் ஓட்டுங்களேன்.”

“என்னது?”

“இருவது வருஷமா இன்ஜின் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். இவ்ளோ அமைதியா இருந்தா என்னமோ வண்டி நின்னுபோன மாதிரி பகீர்னு இருக்கு.”

 பைண்டர் உடம்பு குலுங்கச் சிரித்தார். அக்கா சிரித்தாள். டிரைவருக்கும் அடக்க முடியவில்லை. மிஷின் தடதடக்கத் தொடங்கிய பத்தாவது நிமிஷம், அதையும் மீறிக் குறட்டை கேட்டது.

“அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா” என்றார் பைண்டர் மைத்துனியிடம், காகிதத்தைத் தட்டி அடுக்கிக்கொண்டே.

“அவருகிட்ட சொல்லுங்க அத்தான்.”

“முழிச்சதும் சொல்றேன்.”

சொன்னார். “அதெல்லாம் எதுக்கு இப்ப” என்று டிரைவர் முகத்தைக் கழுவப் போய்விட்டார். ஆனால் அன்று மாலை கிளம்பும்போது தலையணையை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

ஞாயிறும் திங்களும் அப்படியே கழிந்தன. செவ்வாய்க்கிழமை வெயில் உச்சத்துக்குப் போயிற்று. தெருவில் நாய்கூட இல்லை. மதியம் ஒன்றரைக்கு மின்சாரம் போனது. மிஷின் நின்றது, மின்விசிறி நின்றது, டிரைவர் எழுந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நாலு மணி வரை மின்சாரம் வரவில்லை. ஐந்துக்கும் வரவில்லை. அவள் வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். ஏழு மணிக்கு டூட்டி.

ஐந்தரைக்கு அவர் போனை எடுத்தார். மறுமுனையில், டிப்போவில் டூட்டி போடுகிற டைம்கீப்பர்.

“சார், இன்னிக்கு நான் வண்டி எடுக்க மாட்டேன்... உடம்புக்கு ஒண்ணுமில்ல. தூங்கல... ஆமா சார், தூங்கல, அவ்வளவுதான்.”

அந்தப் பக்கத்துக் கத்தல் அறை முழுக்கக் கேட்டது. அவர் காதை விட்டு போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். கத்தி முடிந்ததும், “மெமோ குடுங்க சார், வாங்கிக்கறேன்” என்று வைத்துவிட்டார். 

“வேலைக்கு ஏதாவது ஆயிடுமாங்க?” என்றாள் அவள். கேட்டபோதே, அவர் இன்று சாலையில் இருக்கப்போவதில்லை என்கிற நிம்மதி காலிலிருந்து ஏறியது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வருகிறதென்று அவளுக்கே புரியவில்லை.

“ஆயிட்டா பாத்துக்கலாம்” என்றார் பைண்டர். “நோட்டு அடுக்க எனக்கு ஒரு ஆள் வேணும். ஆனா கடையில தூங்கக் கூடாது.”

டிரைவர் முறைத்தார். அப்புறம் சிரித்தார்.

மறுநாள் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. முந்தின நாள் அவரைப்போல இன்னும் இரண்டு டிரைவர்கள் போன் செய்திருந்தார்களாம். மூன்று பஸ்கள் குறைவாகப் போயின. ஊர் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. பதில் எழுதப் பைண்டர் நல்ல தாளாக ஒன்று வெட்டிக் கொடுத்தார். டிரைவர் அதில் இரண்டே வரி எழுதினார்: ‘நான் தூங்கவில்லை. அதனால் வண்டி எடுக்கவில்லை.’ டைம்கீப்பர் படித்துவிட்டு அப்படியே ஃபைலில் வைத்தாராம்.

அதே புதன்கிழமை மின்சாரமும் இருந்தது. ஐந்து மணி நேரம் நன்றாகத் தூங்கி எழுந்து, அவர் வழக்கம்போலக் கிளம்பினார். வெயில் இன்னும் மூன்று நாள் நீடிக்கும் என்றார்கள். அவர் தெரு திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றவள் உள்ளே வந்து, சும்மா ஒரு நிமிஷம் என்று காகிதக் கட்டுமேல் சாய்ந்தாள். அக்கா ஏதோ கேட்டாள். எட்டிப் பார்த்தால், தங்கை வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

“எழுப்பாதீங்க” என்றாள் அக்கா, மிஷினை நிறுத்தப்போன கணவனிடம். “ஓடட்டும்.”