அந்த ‘டி’ நான்தான்

என் வீட்டுக்காரர் கிறிஸ்தவ ஆராதனைப் பாட்டுக்காரர். சபைசபையாக அவரைக் ‘கதவண்ணன்’ என்று அழைக்கிறார்கள். பெயரைக் கேட்டு யாராவது தச்சர் என்று நினைத்துவிட்டால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

அந்தப் பெயர் வருவதற்கு முன் அவர் வெளியிட்ட பாட்டுகளைச் சொந்தக்காரர்கள் மட்டும் கேட்டார்கள். அதுவும் நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கும்போது. எல்லா வீடியோவிலும் ஓர் அருவி இருக்கும், ஒரு புறா இருக்கும், நடுவில் இவர் வெள்ளைச் சட்டையில் கைகளை விரித்து நிற்பார். புறா நன்றாகச் செய்திருக்கிறது என்று என் நாத்தனார் சொன்னாள்.

எங்கள் படுக்கையறைதான் ஸ்டுடியோ. ஜன்னலை மெத்தை அடைத்திருக்கும், சுவரெல்லாம் போர்வை தொங்கும். எதிரொலி வராமலிருக்கத் துணி அலமாரியைத் திறந்து, என் உடுப்புகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு பரலோகத்தைப் பற்றி உருகுவார். அந்நேரம் வீட்டில் மின்விசிறி சுற்றக்கூடாது, குழாய் சொட்டக்கூடாது, குக்கர் விசில் அடிக்கக்கூடாது. நான் மூச்சு விடலாம், சமையலறையில் என்றால்.

நானும் பாடுகிறவள்தான். சபைப் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் என்னுடையது. மெட்டுக்குக் கீழே, அதோடு ஒட்டியும் ஒட்டாமலும் போகிற குரல் அது. இருந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள், இல்லாவிட்டால் பாட்டு மொட்டையாக நிற்கும். அந்தக் குழுவில்தான் இவர் என்னைப் பார்த்தார். கல்யாணம் ஆனது, இவர் தனிப் பாடகர் ஆனார், நான் குக்கரை அணைக்கிறவள் ஆனேன்.

அன்றைக்கு ஒரு புதுப் பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார். பல்லவியில் ‘உமக்குள் என்னை மறைத்துக்கொள்ளும்’ என்று இழுத்து நிறுத்துவார். பிறகு கொஞ்சம் இடைவெளி. அந்த இடைவெளியில் இறங்க வேண்டிய இரண்டாம் குரல், அடுப்படியில் நின்றிருந்த எனக்குத் தானாக வந்துவிட்டது. அவ்வளவு அழகாக எனக்கு எதுவும் வந்ததில்லை. சிந்திவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டே ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அலமாரிக்குள்ளிருந்து கத்தினார்: “கதவச் சாத்துடி!”

சாத்தினேன். வந்த குரல் வந்த வழியே போய்விட்டது.

பாட்டுக்காரருக்குக் கோபமும் சுருதியில்தான் வரும். அந்தக் கத்தல் தாளத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. ஒலியைக் கலந்து முடிக்கிற வேலை என் தம்பியுடையது. ஏனடா அதை வெட்டவில்லை என்று கேட்டேன். பாட்டு முழுக்க மாமா மனசாரப் பாடின இடம் அது ஒன்றுதான் என்றான்.

பாட்டு பற்றிக்கொண்டது. சபைக்குச் சபை ‘மறைத்துக்கொள்ளும்’ என்று உருகிவிட்டு, ‘கதவச் சாத்துடி’ என்று கூரை அதிரப் பாடினார்கள். அந்த வரி வரும்போது வாசலில் நிற்கிற தொண்டர்கள் எல்லாக் கதவுகளையும் ஒரே நேரத்தில் சாத்த வேண்டும் என்று ஒரு முறையும் வந்துவிட்டது. புழுக்கத்தில் நாலு பேர் மயங்கி விழுந்தால் அதையும் ஆவி இறங்கிய அபிஷேகக் கணக்கில் சேர்த்தார்கள். மொழி தெரியாத வெளிநாட்டுக் குழு ஒன்று அதைக் கண்ணீரோடு பாடிய வீடியோவைத் தம்பி காட்டினான். பெண்கள் அந்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார்கள். ஆண்கள் பக்கத்தில் நிற்கும் மனைவியைப் பார்த்துப் பாடுவார்கள்.

எங்கள் போதகர் ஒரு வாரம் முழுக்க அந்த வரியை வைத்தே பிரசங்கம் செய்தார். வெள்ளத்தில் மிதந்த பேழையின் கதவு, அறைவீட்டில் கதவைப் பூட்டிச் செய்கிற ஜெபம் என்று எல்லாம் பொருந்தி வந்தது. ‘டி’ மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அதையும் விடவில்லை. ஆத்துமா என்பது மணவாட்டி, சீயோன் குமாரத்தி. அவளை உரிமையோடு கூப்பிடாமல் வாங்க போங்க என்றா கூப்பிடுவார்கள் என்று கேட்டார். கூட்டம் அல்லேலூயா என்றது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சீயோன் குமாரத்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் நானும் பார்த்தேன். முடியவில்லை. ஒருமுறை கேட்டதே வலித்தது. அதை ஆயிரம் பேர் கை தட்டிக்கொண்டு என் முகத்துக்கு நேரே திரும்பத் திரும்பச் சொன்னால் யாருக்குத்தான் தாங்கும்? இவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். அதை யாரிடம், எதற்குச் சொன்னார் என்று மேடையில் சொல்லிவிட வேண்டும். சொல்கிறேன் என்பார். மேடை ஏறியதும் ஆவி வேறு விதமாக நடத்திவிட்டது என்பார். ஆவியின் மேல் பழி போட்டால் அது வந்து சாட்சி சொல்லவா போகிறது?

பெரிய அரங்கக் கூட்டத்துக்கு முன்தினம் முடிவாகச் சொல்லிவிட்டேன்.

“நாளைக்கு நீங்க சொல்லணும். சொல்லலேன்னா இனிமே உங்க பாட்டு இருக்கிற எடத்துல நான் இருக்கமாட்டேன். வீட்லயும்தான்.”

அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். இந்த வீட்டில்தான் பாட்டு இல்லாத இடமே கிடையாதே.

கூட்டத்தன்று அரங்கில் ஒரே புழுக்கம். தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். திரும்புவதற்குள் அந்த வரி வந்து, அத்தனை கதவும் சாத்திக்கொண்டன. வாசலில் மீசையும் தொப்பியுமாக ஒரு தொண்டர் கையை நீட்டி மறித்தார். பாட்டு முடியட்டும் அக்கா என்றார்.

“தம்பி, அந்த ‘டி’ நான்தான்.”

“எல்லாருமே அப்படித்தாங்க்கா சொல்றாங்க,” என்றார் அவர், பக்தியோடு.

உள்ளே இசை நின்றது. கதவுக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில் இவர் குரல் வந்தது. “இது ஆவியானவர் குடுத்த வார்த்தை இல்லீங்க. என் வீட்டுக்காரிய நான் வெரட்டினது. அவ ஏதோ சொல்ல வந்தா. என்னன்னு இன்னிவரைக்கும் நான் கேக்கல.”

 பிறகு போதகர் ஒலிவாங்கியைப் பிடித்தார். எப்பேர்ப்பட்ட தாழ்மை பாருங்கள், ஆண்டவர் நம் ஒவ்வொருவரிடமும் ஏதோ சொல்ல வருகிறார், நாம்தான் கேட்பதில்லை என்றார். கூட்டம் கதறி அழுதது. டிரம்ஸ்காரர் தட்டினார். பாட்டு முதலிலிருந்து, முன்னைவிடப் பலமாகத் தொடங்கியது. என் நியாயம் பிரசங்கமாகிவிட்டது.

அடுக்கிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும் தீயணைப்பு வாளிகளுக்கும் நடுவே நான் நின்றேன். ‘மறைத்துக்கொள்ளும்’ என்று இழுத்து நிறுத்தினார்கள். போன குரல் திரும்ப வந்தது. அதே இறக்கம், அதே இடம். இந்தத் தடவை நான் வாயை மூடவில்லை. சாத்திய கதவைப் பார்த்து, தொண்டை நரம்பு புடைக்கப் பாடினேன். மீசைக்காரத் தொண்டர் முதலில் உஷ் என்றார், அப்புறம் தொப்பியைக் கழற்றினார்.

மறுநாள் காலையில் குக்கரை ஏற்றிவிட்டு நின்றிருந்தேன். ஸ்டுடியோக் கதவு உள்ளேயிருந்து திறந்தது. தலையில் போர்வையோடு இவர் நின்றார்.

“நேத்து வெளியேருந்து ஒரு ரெண்டாங்குரல் கேட்டுச்சு. அதுக்கப்புறம் எனக்குப் பாட்டே ஓடல. அன்னிக்கு சொல்ல வந்தது அதானா?”

ஆமாம் என்று தலையசைத்தேன்.

“உள்ள வாயேன்.”

போனேன். அலமாரியில் என் உடுப்புகளை ஓரமாகத் தள்ளி இரண்டு தலைக்கு இடம் செய்து வைத்திருந்தார். அடுப்படியில் குக்கர் முதல் விசிலை அடித்தது. அணைத்துவிட்டு வரட்டுமா என்று பழக்கதோஷத்தில் அவரே கிளம்பினார்.

“அது பாட்டுக்கு அடிக்கட்டும்,” என்றேன். “நான்தான் உள்ள வந்துட்டேன்ல. இப்ப கதவச் சாத்துங்க.”

சாத்தினார்.