உடைக்காத நொதியம்

...அப்படியென்றால் ஊசியின் அளவு பிழையில்லை, மருந்தும் பிழையில்லை, இரத்தம்தான், அவருடைய, மாமாங்கத்தின் சொந்த இரத்தம்தான் காரணம் என்கிறாரா இந்த டொக்டர்... குடலிறக்கத்துக்குச் சின்ன ஒப்பரேசன், பத்து மணிக்கே முடிந்ததாம், ஆனால் அவர் மூச்சு விடவில்லை, மூன்று மணித்தியாலம் மெசின்தான் அவருக்காக மூச்சு விட்டது. காது கேட்டதே, யாரோ அவர் பெயரைத் தடுமாறிக் கூப்பிட்டது கேட்டது, இமையைத் தூக்க முடியவில்லை, விரலை அசைக்க முடியவில்லை, செத்துவிட்டோம் என்றுதான் நினைத்தார். தசையைத் தளர்த்தும் அந்த மருந்தை இரத்தத்தில் உள்ள ஒரு நொதியம் சில நிமிடங்களில் உடைத்துவிடுமாம், அவருடையது உடைக்கவில்லையாம். நொதியமா? பன்னிரண்டு வருடம் மட்டக்களப்பில் அதைத்தானே படிப்பித்தார், வெப்பநிலை, அமிலத்தன்மை, தடுக்கும் பொருட்கள் என்று கரும்பலகையில் எழுதி... காய்ச்சலாலா என்று கேட்டார், இல்லை, வேறு மருந்தாலா, இல்லை, பிறப்பிலேயே அதன் அமைப்பு அப்படி, கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்கலாம், யாருக்காவது முன்பு இப்படி நடந்ததா?

இல்லை என்று மாமாங்கம் சொல்லிவிட்டார். ஏன் சொன்னார்? கட்டிலருகில் இருந்த மனைவி தவமலர் அவரையே பார்த்தாள். "என்னங்க, அருள்மலர் மச்சாளை மறந்திட்டீங்களா?"

மறப்பதா... எழுபத்தொன்றில் தங்கை அருள்மலருக்குப் பத்தொன்பது வயது, குடல்வால் ஒப்பரேசன், வயிற்றைத் தைத்து முடித்த பிறகும் மூச்சு வரவில்லை, வரவேயில்லை. மயக்க மருந்து கொடுத்த டொக்டர் தியாகலிங்கம் வெளியே வந்து, "நான் சரியாத்தான் குடுத்தனான் தம்பி, ஏனெண்டு எனக்கு விளங்கேல்லை" என்றார், அந்த முகத்தில்தான் மாமாங்கம் அறைந்தார், அத்தனை பேரும் பார்க்க. பிறகு மனு, அதில் கொலைகாரன் என்ற சொல்லை எழுதியது யார், அவர்தானே, அதற்கு நானூறு கையெழுத்துச் சேர்த்ததும் அவர்தானே... அந்த மனிதர் வேலையை விட்டார், அதன்பின் ஒருவருக்கும் ஊசி போட்டதில்லை என்று கேள்வி. போன வருடம் இந்த வெளிநாட்டு நகரத்தில், பார்க்டேலில் ஒரு பலசரக்குக் கடையில் எதிர்ப்பட்டபோதும் மாமாங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தியாகலிங்கம் கையில் வெங்காயப் பையோடு தலை குனிந்து நின்றார்.

ஏன் குனிந்தார்? பிழை செய்யாதவர் ஏன் குனிய வேண்டும்... டொக்டர் பேனாவோடு காத்திருக்கிறார். மாமாங்கம் ஆங்கிலத்தில், ஓம், என் தங்கைக்கு என்று தொடங்கினார், எழுபத்தொன்றில் நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். பதினாறு வருடம்... மருந்தைக் கை தவறிக் கூட்டிக் கொடுத்துவிட்டேனோ என்று அந்த மனிதர் தன்னையே சந்தேகித்துக்கொண்டு இருக்கிறாரோ? தங்கையின் இரத்தமும் இப்படித்தான் என்று அவருக்கும் தெரியாதே.